ஜன்னல் வெளிச்சமும் சிமென்ட் மூட்டையும்

(பொம்மையார்பாளையத்தில் இளைஞர்களுக்காக நடந்த திரைப்பட ரசனை வகுப்பின் நிறைவுநாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாலு மகேந்திராவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். அவர் பெயரைச் சொன்னதுமே நம்மவர்கள் ஒளிப்பதிவைப் பாராட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஊட்டிப் பனி, ஜன்னல் வழியாக விழும் வெயில், மரங்களுக்கு நடுவே ஓடும் கேமரா. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அழகைப் பாராட்டும் அவசரத்தில் அவருடைய பெரிய வேலை கவனிக்கப்படாமல் போய்விட்டது என்பது என் கட்சி. ஒரு சாதாரண மனிதர் ஒரு சாதாரணப் பொருளுக்கு என்ன விலை கொடுக்கிறார் என்று கணக்குப் பார்த்து எழுதிய கலைஞர் அவர். ஒரு மூட்டை சிமென்ட், ஒரு கையெழுத்து, ஒரு வாடகை. தமிழ் சினிமாவில் அந்தக் கணக்கை அவர் அளவுக்குப் பொறுமையாகப் போட்டவர்கள் குறைவு. இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

1939 மே 20 அன்று இலங்கையில், மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்தார். இயற்பெயர் பாலநாதன் பெஞ்சமின் மகேந்திரன். உங்களுக்கு ஒரு பக்கம் கடல், வடக்கே போனால் கழுவெளி. அவருக்கும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. பள்ளிப் பருவத்தில் ஒரு சுற்றுலா போனபோது, கித்துள்கலையில் டேவிட் லீன் எடுத்துக்கொண்டிருந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ படப்பிடிப்பைப் பார்த்திருக்கிறார். இயக்குநர் மழை என்று குரல் கொடுக்க, மழை கொட்டியதாம். கடவுள் செய்கிற வேலையை ஒரு மனிதன் செய்கிறானே என்று சிறுவன் மலைத்து நின்றதைப் பிற்காலத்தில் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. மழையை உத்தரவு போட்டு வரவழைத்தவரைப் பார்த்துச் சினிமாவுக்கு வந்தவர், வாழ்நாள் முழுக்க வெயில் தானாக வரும்வரை காத்திருந்தார்.

1960களின் நடுவில் புனே திரைப்படக் கல்லூரிக்கு வந்தார். படிக்க விரும்பியது இயக்கம். இடம் கிடைத்தது ஒளிப்பதிவில். 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அந்தப் பதக்கத்தைவிடவும் புனேயில் அவருக்குக் கிடைத்த பெரிய சொத்து உலகப் படங்கள். த்ருஃபோ, கொதார் என்ற பிரெஞ்சு இயக்குநர்களின் பெயர்கள் பக்கத்துப் புதுச்சேரியில் ஓரளவு புழங்கியவை. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதே புனேயில்தான் தொடங்கப்பட்டது. பி.கே. நாயர் என்ற மனிதர் பிலிம் பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பையன் பாரிஸ் படத்தைப் பார்க்க முடிந்தது, யாரோ ஒருவர் அதைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்ததால்தான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

கல்லூரிக்காக அவர் எடுத்த ‘வியூ ஃப்ரம் த ஃபோர்ட்’ படத்தைப் பார்த்துவிட்டு, ‘செம்மீன்’ எடுத்த ராமு காரியாட் தன்னுடைய ‘நெல்லு’ படத்துக்கு அவரை ஒளிப்பதிவாளராக எடுத்துக்கொண்டார். வயநாட்டில் எடுத்த படம்; 1974-ல் வெளிவந்து கேரள அரசின் விருதை அவருக்கு வாங்கித் தந்தது. முதலில் இயக்கியது கன்னடத்தில், ‘கோகிலா’, 1977. கமல்ஹாசன், ஷோபா, ரோஜாரமணி. நம் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் பாடல்கள் ஒலிக்கிற நடிகர் மோகன் அறிமுகமானதும் அந்தப் படத்தில்தான். அதன் ஒளிப்பதிவுக்கு தேசிய விருது. ஈழத்துத் தமிழர் ஒருவர் மலையாளத்தில் கேமரா பிடித்து, கன்னடத்தில் இயக்குநராகி, 1979-ல் ‘அழியாத கோலங்கள்’ மூலம் தமிழுக்கு வந்து சேர்ந்தார். இடையில் இயக்குநர் மகேந்திரனுக்காக ‘முள்ளும் மலரும்’, கே. விஸ்வநாத்துக்காக ‘சங்கராபரணம்’. பிறகு மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனுபல்லவி’க்கும் கேமரா அவருடையதுதான். தென்னாட்டு சினிமா திசை மாறிய ஒரு பத்தாண்டில், திருப்பங்கள் பலவற்றில் இந்த மனிதர் தொப்பியோடு நின்றிருக்கிறார்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். வலை பின்னும் ஒருவர் காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். வெயில் கிழக்கிலிருந்து வரும். முகத்தின் ஒரு பாதி மின்னும், மறு பாதி இருட்டாக இருக்கும். நிழல் ஒன்றே ஒன்று, மேற்கே நீண்டு விழும். நம் பழைய ஸ்டுடியோப் படங்களில் என்ன நடக்கும்? மேலிருந்து ஐந்தாறு விளக்கு அடிப்பார்கள். நடிகர் நடந்தால் சுவரில் மூன்று நிழல் கூடவே நடக்கும். குடிசைக்குள் இருக்கும் ஏழைத் தாயின் முகம் நகைக்கடை பொம்மை போலப் பளபளக்கும். வீட்டில் எரிவதோ ஒரு சிம்னி விளக்கு. வெளிச்சமோ கல்யாண மண்டபத்துக்குப் போதுமானது! பாலு மகேந்திரா இதை மறுத்தார். அந்த அறைக்கு எங்கிருந்து வெளிச்சம் வருமோ அங்கிருந்துதான் வர வேண்டும். ஜன்னல் இருந்தால் ஜன்னல், கதவு இருந்தால் கதவு. போதாவிட்டால் ஒரு வெள்ளைத் துணியோ தெர்மகோல் அட்டையோ வைத்து அதே வெளிச்சத்தைத் திருப்பிவிடலாம். இன்று உங்கள் கைப்பேசி இருட்டிலும் படம் எடுக்கும். அன்றைய பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் எடுத்தால் லென்ஸை அகலத் திறக்க வேண்டும். திறந்தால் நடிகர் அரை அடி முன்னால் வந்தாலும் உருவம் மங்கிவிடும். அந்தச் சங்கடத்தை வேண்டுமென்றே தலையில் ஏற்றிக்கொண்டவர் அவர்.

அதோடு இன்னொரு காரியமும் செய்தார். மாநிறத்தை மாநிறமாகவே விட்டார். ஷோபாவின் முகத்தையும் அர்ச்சனாவின் முகத்தையும் பாருங்கள். பவுடர் பூசி வெளுக்காமல், நம் வீட்டுப் பெண்களின் முகம் எப்படி வியர்க்குமோ அப்படியே திரையில் வந்தது. கேமராக் கருவியைப் பற்றி எதுவும் தெரியாத பெண்களுக்குக் கூட அந்தப் படங்களில் ஒரு மரியாதை தெரிந்தது.

ஷோபாவின் பெயரைச் சொன்ன பிறகு மேலோட்டமாகக் கடந்து போவது நேர்மை அல்ல. ‘பசி’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற அந்த நடிகை 1980 மே 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு 17 வயது. பாலு மகேந்திராவுக்கு 40. ஷோபா நடித்த ‘மூடுபனி’ அவர் மறைந்த பிறகுதான் திரைக்கு வந்தது. பாலு மகேந்திராவுக்கும் ஷோபாவுக்கும் இருந்த உறவைக் காவியக் காதல் என்று எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. நாற்பது வயதுக்காரரின் துயரத்தை விரித்து விரித்து எழுதியவர்கள், பதினேழு வயதுப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு பத்தி எழுதவில்லை. படங்களை நேசிக்கலாம்; அதற்காக இந்தக் கேள்வியை விழுங்கிவிட வேண்டியதில்லை.

‘மூன்றாம் பிறை’ 1982. கமலுக்கு முதல் தேசிய விருது, பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கு இரண்டாவது. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாடல் அதில்தான் இருக்கிறது. கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த அந்த முடிவுக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால் அதே படத்தில் சில்க் ஸ்மிதாவின் ஆட்டம் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? விநியோகஸ்தருக்கு. இதைச் சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். 1984-ல் அவர் எடுத்த மசாலாப் படத்துக்கு ‘நீங்கள் கேட்டவை’ என்றே பெயர் வைத்தார். கேட்டீர்கள், இந்தாருங்கள் என்று முகத்துக்கு நேரே நீட்டியது போல! அந்தக் குறும்பை ரசிக்கிறேன். படத்தை ரசிக்க முடியவில்லை.

வெளிநாட்டுக் கதைகளையும் அவர் தாராளமாக எடுத்துக்கொண்டார். மலையாளத்தில் எடுத்த ‘ஓளங்கள்’ எரிக் சீகலின் நாவலிலிருந்து வந்தது. ‘ரெட்டை வால் குருவி’, ‘சதி லீலாவதி’ இரண்டுக்கும் மூலம் ஹாலிவுட். ‘மறுபடியும்’ மகேஷ் பட்டின் ‘அர்த்’ படத்தின் மறு ஆக்கம். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரை முனிவர் ஆக்க வேண்டாம். குடும்பமும் கடனும் வாடகையும் இருந்த ஒரு தொழிலாளி அவர். சந்தைக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று மாறி மாறி எடுத்தார். மனசுக்கு எடுத்தவற்றில் தலையானது ‘வீடு’.

1988-ல் வந்த படம். திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் அவரே. கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சுதா என்ற பெண் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். வாடகைக்கு அலைந்து அலுத்துப்போய், தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இருக்கும் மனையில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்வது என்று முடிவு செய்கிறாள். அவ்வளவுதான். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசை சில இடங்களில் வந்து போகும்.

ஆனால் அந்த வீடு எழும்பும் விதத்தைப் பாருங்கள். முதலில் பணம். இருப்பதை விற்கிறார்கள், அலுவலகத்தில் கடன் கேட்கிறார்கள். கடன் தரும் மேலதிகாரிக்கு வேறு ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. பிறகு பிளான் அனுமதி. அங்கே கை நீட்டாமல் கையெழுத்து வராது. கடைக்கால் தோண்டினால் மழை வந்து பள்ளம் நிரம்புகிறது. சிமென்ட் மூட்டை களவு போகிறது. திருடுவது யார் என்று அவளுக்குச் சொல்வது அங்கே சித்தாள் வேலை பார்க்கும் மங்கம்மா. படித்த சுதாவைவிட அந்த அம்மாளுக்குக் கட்டடம் தெரியும், மனிதரும் தெரியும். பசி சத்யா அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவர் கல் சுமக்கிறார், பேசுகிறார், ஏமாற்றுபவனைத் தட்டிக்கேட்கிறார், அவ்வளவுதான்.

தாத்தாவாக வருகிறவர் சொக்கலிங்க பாகவதர், நாடக மேடையிலிருந்து வந்த பழைய நடிகர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அந்தக் கிழவர் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் புறப்பட்டு வருகிறார். பூசாத செங்கல் சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். இது சமையல்கட்டு, இது கூடம் என்று அறை அறையாக நடந்து பார்க்கிறார். பேச்சே இல்லை. திரும்பும் வழியில் இறந்துபோகிறார். தமிழ்த் திரையில் கிழவர்கள் எத்தனையோ பேர் வசனம் பேசி இறந்திருக்கிறார்கள். ஒரு சுவரைத் தொட்டுவிட்டு இறந்தவர் இவர் ஒருவர்தான்.

முடிவில் என்ன ஆகிறது? குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் வருகிறார். இந்த நிலம் ஏற்கனவே எங்களுக்காகக் கையகப்படுத்தப்பட்டது, இங்கே வீடு கட்டக்கூடாது என்கிறார். அனுமதி வாங்கித்தானே கட்டினோம்? வாங்கினீர்கள், ஆனால் கொடுத்தது வேறு அலுவலகம். சுதா நீதிமன்றத்துக்குப் போகிறாள். படம் அங்கே நின்றுவிடுகிறது.

பொம்மையார்பாளையத்தில் நின்று இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. வீடு கட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘வீடு’ வெளிவந்த அதே 1980களின் கடைசியில்தான் தெற்கே புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதுதான் அதிகம். அந்த ஓட்டத்தைச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கடல் அரித்துக்கொண்டே வந்தது. அலையில் வீட்டை இழந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். துறைமுகம் யூனியன் பிரதேசத்தில், அரிப்பு விழுப்புரம் மாவட்டத்தில். மனு கொடுக்கப் போனால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது? சுதாவைத் திணறடித்த அதே கேள்வி. பாலு மகேந்திரா இந்தக் கரையைப் பற்றிப் படம் எடுக்கவில்லை. ஆனால் யார் மேலும் நேராகக் குற்றம் சாட்ட முடியாத ஒரு ஏற்பாட்டில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் எப்படிக் கரைகிறது என்பதை அந்தப் படம் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் தமிழில் பார்க்கவில்லை.

இந்தக் கதை அவருக்கு அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. மட்டக்களப்பில் அம்மா வீடு கட்டத் தொடங்கிய பிறகு அவர் முகத்தில் சிரிப்பு காணாமல் போனதைப் பிள்ளையாக இருந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். ‘வீடு’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதையும் பெற்றது. அடுத்த ஆண்டு ‘சந்தியா ராகம்’. அதே பாகவதர். மனைவி இறந்ததும் கிராமத்திலிருந்து சென்னைக்கு வரும் ஒரு முதியவர், தம்பி மகனின் சின்னக் குடித்தனத்துக்கு எப்படிக் கூடுதல் செலவாகிறார் என்ற கதை. அங்கேயும் யாரும் கெட்டவர் இல்லை, சம்பளம்தான் போதவில்லை.

அவர் ஆசிரியராக இருந்ததைப் பற்றியும் இங்குள்ள தம்பி தங்கைகளுக்காகச் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி சன் தொலைக்காட்சியில் ‘கதை நேரம்’ என்று தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்தார். மொத்தம் 52. அதில் உதவியாளராகச் சேர்ந்த வெற்றிமாறனுக்கு முதலில் கிடைத்த வேலை, கேமராவைத் தொடுவது இல்லை; கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதிக் கொடுப்பது. பாலா, ராம், சீனு ராமசாமி, கவிஞர் நா. முத்துக்குமார் எல்லோரும் அந்தப் பள்ளியில் இருந்து வந்தவர்கள்தான். பிறகு சென்னையில் சினிமா பட்டறை என்று முறையான பயிற்சிக் கூடமும் நடத்தினார். ஈ.சி.ஆரில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் சென்னை; உதவி இயக்குநர் ஆகிவிடலாம் என்று கனவு காண்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. கிளம்புவதற்கு முன் நல்ல சிறுகதைத் தொகுப்பு ஒன்றிரண்டு படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஈழப் போரைப் பற்றி அவர் ஒரு படமும் எடுக்கவில்லை. உள்ளபடி எடுத்தால் தணிக்கை விடாது, நீர்த்துப்போக எடுக்க மனம் ஒப்பாது என்பது அவர் நிலை. புரிகிறது, ஆனாலும் அது நமக்கு இழப்புதான். கடைசியாக 2013-ல் சசிகுமார் தயாரித்த ‘தலைமுறைகள்’. அதில் தாத்தாவாக அவரே நடித்தார். தமிழ் தெரியாத பேரனுக்குத் தமிழ் சொல்லித்தரும் தாத்தா. 2014 பிப்ரவரி 13 அன்று காலமானார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது அந்தப் படத்துக்கு அறிவிக்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

ஞாபகம் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டின் மூல நெகட்டிவ்களும் அழிந்துவிட்டன என்று பாலு மகேந்திராவே பொது மேடைகளில் சொல்லி வருந்தினார். தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க இங்கே ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசி ஆண்டுகளில் போகிற இடமெல்லாம் கேட்டார். தன் உயிரைப் போல நினைத்த படங்களின் நிலையே அது என்றால் மற்றவற்றைக் கேட்க வேண்டாம். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931-ல் வந்தது, அதுவும் இல்லை. பிலிமுக்கு வெக்கையும் ஈரமும் ஆகாது. நம் கடற்கரைக் காற்று அதைப் புளிக்க வைத்துவிடும். புளித்த வாடை அடிக்க ஆரம்பித்தால் பிலிம் சுருங்கித் தூளாகும். பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகப் பழைய பிரதிகளை எடைக்குப் போட்ட காலமும் உண்டு.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். திண்டிவனம், மயிலம், வானூர், மரக்காணம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸ் நடந்தது. உங்கள் வீட்டுப் பரணிலோ, உறவினர் வீட்டிலோ, மூடிப்போன கொட்டகையின் பின்கட்டிலோ பிலிம் பெட்டி, பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், போட்டோ அட்டை எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். அடுத்த முறை கூடும்போது இங்கே கொண்டு வாருங்கள். புனே காப்பகத்துக்கு எழுதி அனுப்பும் வேலையை வகுப்பில் படித்த இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.